கைப்பிடியைக் கழற்றிய பிறகு

எங்கள் ஆச்சியிடம் இரண்டே வசைகள்தான் இருந்தன. சின்னக் கோபத்துக்கு 'மூதி'. பெரிய கோபத்துக்கு 'பேதியில போவான்'. தேங்காய் திருடுகிறவன், கடன் வாங்கிவிட்டுத் தெரு மாறிப் போகிறவன், பல் தேய்க்காமல் காப்பி கேட்கும் பேரன் என்று எல்லாருமே பேதியில் போக வேண்டியவர்கள்தான். நாங்கள் சிரிப்போம். பேதி என்றால் எங்களுக்கு ஒரு நாள் லீவு, ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்., ரசம் சாதம். அவ்வளவுதான். அந்த வசைக்குள் ஒரு சாவு இருக்கிறது என்பது முப்பது வயதுக்கு மேல்தான் எனக்கு உறைத்தது. அதுவும் லண்டனைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்தபோது.

அந்தப் புத்தகம் ஸ்டீவன் ஜான்சன் எழுதிய 'த கோஸ்ட் மேப்'. 2006-இல் வந்தது. 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் பரவிய காலராவையும், அது தண்ணீர் வழியாகத்தான் பரவுகிறது என்று காட்டிய ஜான் ஸ்னோ என்ற டாக்டரையும் பற்றியது. நான் அதை வாங்கவில்லை. என் அக்காவின் பையிலிருந்து எடுத்தேன்.

அக்கா பல் டாக்டர். நாகர்கோவிலில் ஏழு வருடம் கிளினிக் நடத்தியவள். ஒரு நாள் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு எம்.பி.எச். படிக்கத் திருவனந்தபுரம் போய்விட்டாள். பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம், இரண்டு வருடப் படிப்பு. வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. கிளினிக் நாற்காலிக்கு வாங்கிய கடன் அப்போதுதான் அடைந்திருந்தது. "பல்லப் புடுங்குனா துட்டு வரும். இவ அங்க போயி என்னத்தப் புடுங்கப் போறா?" என்று அப்பா கேட்டார். அக்காவிடம் அல்ல, என்னிடம். அவளிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார். நான் பெங்களூரில் சாஃப்ட்வேர் எஞ்சினியர். விளங்கச் சொல்வேன் என்று நினைத்திருப்பார். எனக்கும் விளங்கவில்லை. "கவர்மென்ட் வேலை கெடைக்கும்ப்பா" என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன்.

அக்காவிடம் கேட்டதற்கு அவள் சொன்னது: "ஒரு நாளைக்கு எட்டுப் பிள்ளைங்க பால்பல்லு சொத்தையோட வரும். எட்டையும் அடைப்பேன். மறுநாளு வேற எட்டு. அதுங்க வர்ற வழியில யாருமே இல்லடே. வந்து சேர்ற எடத்துல நான் மட்டும் உக்காந்திருக்கேன்."

கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அதற்காக ஒரு கிளினிக்கை மூடுவார்களா? பதில் அந்தப் புத்தகத்தில் இருக்கும் என்று நினைத்துத்தான் அதை எடுத்துக்கொண்டு பெங்களூர் ரயில் ஏறினேன். விடிந்து, ரயில் ஊர் போய்ச் சேருவதற்குள் முடித்துவிட்டேன்.

*

முதலில் புத்தகத்தின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜான்சன் அத்தியாயங்களுக்குத் தேதி போட்டிருக்கிறார். ஆகஸ்ட் 28 திங்கட்கிழமை தொடங்கி செப்டம்பர் 8 வெள்ளிக்கிழமை வரை. பிராட் தெருவில் ஒரு கைப்பம்பு. அந்த வட்டாரத்திலேயே சுவையான தண்ணீர் என்று பெயர் வாங்கியது. ஆகஸ்ட் 31 இரவு சாவு தொடங்குகிறது. தெருவில் எல்லாரும் காற்றை முகர்ந்து பார்க்கிறார்கள், தண்ணீரைக் குடிக்கிறார்கள். நமக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியவில்லை.

அன்றைய மருத்துவமும் அரசாங்கமும் பத்திரிகைகளும் ஒரே குரலில் நம்பியது, நாற்றமே நோய் என்று. சுகாதாரச் சீர்திருத்தத்தின் தலைமகனான எட்வின் சாட்விக்கும் அதைத்தான் நம்பினார். நாற்றத்தை ஒழிப்பதற்காக வீட்டுக் கழிவுக்குழிகளிலிருந்து மலத்தைத் தேம்ஸ் ஆற்றுக்குத் திருப்பிவிட்டார்கள். குடிநீரும் அதே ஆற்றிலிருந்துதான் வந்தது. நல்ல எண்ணம் எப்படிக் கொலைகாரனாகும் என்பதை ஜான்சன் இந்த இடத்தில் அலட்டல் இல்லாமல் காட்டுகிறார்.

ஸ்னோ மயக்க மருந்து நிபுணர். 1853-இல் விக்டோரியா ராணிக்குப் பிரசவத்தின்போது குளோரோஃபார்ம் கொடுத்தவர். வாயுக்கள் எப்படிப் பரவும், எப்படி நீர்த்துப் போகும் என்று தெரிந்தவர். அதனாலேயே காற்றின் மேல் பழி போடுவதை அவரால் ஏற்க முடியவில்லை. அவர் விசாரித்த விதம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. போலந்து தெரு ஏழைகள் விடுதியில் 535 பேர், செத்தவர்கள் 5 பேர்தான். அங்கே தனிக் கிணறு. பக்கத்து பீர் ஆலையில் 70 தொழிலாளிகள், ஒருவரும் சாகவில்லை. அவர்கள் பீர்தான் குடித்தார்கள். மறுபக்கம், சோஹோவிலிருந்து வெகு தூரத்தில் ஹாம்ஸ்டெட்டில் ஒரு விதவை செத்துப்போனார். முன்பு பிராட் தெருவில் இருந்தவர். அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறார். அவரைப் பார்க்க வந்து அதே தண்ணீரைக் குடித்த உறவுப்பெண்ணும் செத்தார்.

புரொடக்‌ஷனில் ஒரு பிழை வந்தால் நாங்களும் இதைத்தான் செய்வோம். பிழை எங்கே வருகிறது என்பதைவிட எங்கே வரவில்லை என்பதுதான் துப்பு. போதாததற்கு, ஸ்னோ தன் வரைபடத்தின் இரண்டாவது வடிவத்தில் எந்த வீட்டிலிருந்து நடந்தால் எந்தப் பம்பு பக்கம் என்று எல்லைக்கோடு வேறு போட்டிருக்கிறார். கல்லூரியில் நாங்கள் வரோனாய் வரைபடம் என்று படித்ததன் தாத்தா அது. இறங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, ஒங்க ஆளு செம டிபக்கர்!"

அவள் சிரித்தாள். "கைப்பிடிய எந்தத் தேதியில கழத்துனாங்கன்னு பாத்தியாடே? பொறவு சாவுக் கணக்கயும் பாரு."

*

பார்த்தேன். செப்டம்பர் 7 வியாழன் இரவு ஸ்னோ வட்டார நிர்வாகக் குழுவிடம் போய்ப் பேசுகிறார். மறுநாள் வெள்ளிக்கிழமை பம்பின் கைப்பிடி கழற்றப்படுகிறது. ஆனால் சாவு உச்சத்தில் இருந்தது செப்டம்பர் முதல் இரண்டு நாட்களில். 8-ஆம் தேதி வரும்போது அது ஏற்கெனவே சரிந்திருந்தது. பாதிக்கப்பட்ட தெருக்களில் முக்கால்வாசிப் பேர் ஊரை விட்டே ஓடியிருந்தார்கள். கைப்பிடியைக் கழற்றியதால்தான் நோய் நின்றது என்று சொல்ல முடியாது என்பதை ஸ்னோவே எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் புகழ்பெற்ற வரைபடம்? அது பிறகு வரைந்தது. குழுவிடம் போகும்போது அவர் கையில் இருந்தது இறப்புப் பதிவு அலுவலகத்தில் வாங்கிய 83 பேரின் பட்டியலும், வீடு வீடாகக் கேட்டு எழுதிய குறிப்புகளும்தான். அரசாங்கத்தின் சுகாதார வாரியம் அவர் சொன்னதை ஏற்கவும் இல்லை. நோய் அடங்கிய பிறகு கைப்பிடியை மறுபடியும் மாட்டினார்கள்.

வரைபடம் போட்டார், பம்பைக் கண்டுபிடித்தார், கைப்பிடியைக் கழற்றினார், காலரா நின்றது என்று நம் மனதில் நிற்கும் கதையில் வரிசையே தப்பு. ஜான்சன் பொய் சொல்லவில்லை. மேலே சொன்ன எல்லாமே அவர் புத்தகத்திலேயே இருக்கிறது. என் புகார் அவருடைய தகவல்கள் மேல் இல்லை, வடிவத்தின் மேல். தகவல் ஒன்றைச் சொல்ல, வடிவம் வேறொன்றைச் சொல்கிறது. தேதிபோட்ட அத்தியாயங்கள் ஒரு குற்றவாளியை நோக்கி ஓடுகின்றன. கைப்பிடி கழன்ற வெள்ளிக்கிழமையோடு நாட்காட்டி நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகான மாதக்கணக்கான வேலைக்குத் தேதித் தலைப்பு கிடையாது. துப்பறியும் கதை நமக்குக் கற்றுத் தருவது ஒன்றுதான்: கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது.

எம்.பி.எச். படிப்பின் முதல் வாரத்திலேயே ஸ்லைடில் அந்தப் பம்பு வந்துவிடும் என்று அக்கா சொன்னாள். வகுப்பில் டாக்டர்கள், பல் டாக்டர்கள், நர்ஸ்கள், சமூகப்பணி படித்தவர்கள் என்று கலந்து உட்கார்ந்திருப்பார்கள். எல்லாருக்கும் பிடித்துப்போகும். இரண்டாவது கதையைச் சொல்லும்போதுதான் பாதிப் பேருக்குத் தூக்கம் வரும். அக்காவுக்கு அந்த இரண்டாவது கதைதான் பிடிக்கும்.

தெற்கு லண்டனில் இரண்டு தண்ணீர்க் கம்பெனிகள். ஒரே தெருவில், அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டும் குழாய் போட்டிருந்தன. லாம்பெத் கம்பெனி 1852-இல் தண்ணீர் எடுக்கும் இடத்தை ஆற்றின் மேல்பகுதிக்கு, லண்டனின் சாக்கடை கலப்பதற்கு முன்னால் மாற்றிக்கொண்டது. சதக் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி மாற்றவில்லை. 1854 காலராவில் செத்த ஒவ்வொருவரின் வீட்டுக்கும் எந்தக் கம்பெனித் தண்ணீர் வந்தது என்று ஸ்னோ தேடிப் போனார். பல வீட்டுக்காரர்களுக்கே தெரியவில்லை. அதனால் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று சோதித்துப் பிரித்தார். முடிவு: பத்தாயிரம் வீடுகளுக்கு, சதக் கம்பெனித் தண்ணீரில் 315 சாவு. லாம்பெத் தண்ணீரில் 37.

"இதுல கைப்பிடி இல்ல. வில்லனும் இல்ல. ரெண்டு கொழாதான்" என்றாள் அக்கா. "அந்த லாம்பெத் தண்ணி குடிச்ச வீட்டுக்காரங்கள யோசிச்சுப் பாரு. தாங்க தப்பிச்சோம்னு அவங்களுக்கே தெரியாது. ஒருத்தரும் யாருக்கும் நன்றி சொல்லியிருக்க மாட்டாங்க. நான் படிக்கப் போனது அந்த வீட்டுக்காக்கும்."

ஜான்சன் இந்த ஆய்வையும் விடவில்லை, அதன் முக்கியத்துவத்தையும் சொல்கிறார். ஆனால் அதில் வாசகன் ஓடிப்போய் நிற்க ஒரு தெருமுனை இல்லை. ஆகவே அது பின்னணியாகி, பம்பு கதையாகிவிடுகிறது.

*

புத்தகத்தில் அந்த வடிவம் தன்னையறியாமல் உடையும் ஓர் இடம் இருக்கிறது. எனக்கு இப்போது அதுதான் அதன் உச்சம்.

ஹென்றி ஒயிட்ஹெட் அந்தப் பகுதியின் இளம் பாதிரியார். ஸ்னோ சொல்வது தவறு என்று நிரூபிக்கத்தான் அவர் கிளம்பினார். செத்தவர் வீட்டுக்கும் பிழைத்தவர் வீட்டுக்கும் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினார். அந்த ஜனங்களை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். கடைசியில் தன் கருத்தையே மாற்றிக்கொண்டார். 1855-இல் பதிவேட்டைப் புரட்டும்போது ஒரு வரி அவர் கண்ணில் படுகிறது. பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை, செப்டம்பர் 2-இல் இறந்தது. அதற்கு நான்கு நாள் முன்பே பேதி. அதன் தாயைப் போய்ப் பார்க்கிறார். குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டுக்கு முன்னாலிருந்த கழிவுக்குழியில் ஊற்றியதாக அவர் சொல்கிறார். தோண்டிப் பார்த்தால், அந்தக் குழிக்கும் பம்பின் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை. செங்கல் இற்றுப்போயிருந்தது.

துப்பறியும் கதைக்கு இது போதும். மூலகாரணம் கிடைத்துவிட்டது. ஆனால் இன்னொரு தகவல் இருக்கிறது. அந்தக் குழந்தையின் தகப்பன் தாமஸ் லூயிஸ் ஒரு போலீஸ்காரர். அவருக்குக் காலரா கண்டது செப்டம்பர் 8. அதாவது கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாள். அவர் 19-ஆம் தேதி இறந்தார். அந்தப் பதினோரு நாளும் அவர் மனைவி மறுபடி துணி அலசியிருப்பார், மறுபடி அதே குழியில் ஊற்றியிருப்பார். கிணற்றுக்குள் மறுபடி நோய் இறங்கியிருக்கும். பம்பில் மட்டும் கைப்பிடி இல்லை.

அப்படியானால் கைப்பிடியைக் கழற்றியது முதல் காலராவை நிறுத்தவில்லை. இரண்டாவது காலராவைத் தடுத்திருக்கலாம். அந்த இரண்டாவது காலரா நடக்கவே இல்லை. அதற்கு இறப்புப் பட்டியல் கிடையாது, வரைபடம் கிடையாது, பெயர் கிடையாது. ஓடிப்போனவர்கள் திரும்பி வந்து வீட்டைத் திறந்து அடுப்பு மூட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். ஜான்சன் இந்தப் போலீஸ்காரரின் கதையைச் சொல்கிறார். ஆனால் கடைசித் திருப்பமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நகர்ந்திருக்கக் கூடாது. இதுதான் அவர் பேசிக்கொண்டிருந்த துறையின் மையம்.

நடந்ததை எழுத நம்மிடம் நூறு வடிவங்கள் இருக்கின்றன. நடக்காமல் தடுக்கப்பட்டதை எழுத என்ன வடிவம் இருக்கிறது?

*

இந்தக் கேள்வியைக் கதையாக இல்லாமல் கணக்காகக் கேட்ட ஒரு கட்டுரையை அக்கா எனக்கு அனுப்பினாள். ஜெஃப்ரி ரோஸ் 1985-இல் எழுதியது. 'நோயுற்ற தனிமனிதர்களும் நோயுற்ற சமூகங்களும்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பொதுச் சுகாதாரம் படிக்கிறவர்கள் எங்கிருந்தாலும் இதைப் படித்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள்.

ரோஸ் இரண்டு கேள்விகளைப் பிரிக்கிறார். இந்த ஆளுக்கு ஏன் ரத்தக்கொதிப்பு வந்தது என்பது ஒன்று. இந்த ஊரில் ஏன் இத்தனை பேருக்கு ரத்தக்கொதிப்பு என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. லண்டன் அரசு ஊழியர்களின் ரத்த அழுத்தத்தையும் கென்யாவின் நாடோடி மக்களின் ரத்த அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். லண்டன்காரர்களில் சிலர் மட்டும் விலகிப் போய் நோயாளிகளாகவில்லை, வளைகோடு மொத்தமாகவே நகர்ந்திருக்கிறது. எல்லாரும் ஒரே தண்ணீரைக் குடித்தால் தண்ணீர் துப்பாகவே தெரியாது. ஸ்னோவுக்கு அதிர்ஷ்டம், அவருக்கு ஒரு பீர் ஆலை இருந்தது.

இதோடு ரோஸ் இன்னொரு கசப்பையும் சேர்க்கிறார். ஆபத்து அதிகமுள்ள சிலரைவிட, ஆபத்து கொஞ்சமே உள்ள பலரிடமிருந்துதான் பெரும்பாலும் நிறைய நோயாளிகள் வருகிறார்கள். ஆகவே ஊருக்குப் பெரிய நன்மை செய்யும் ஒரு காரியம், ஊரிலுள்ள தனி ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாத மாதிரிதான் தெரியும். உப்பைக் குறைத்ததால் எனக்கு வராமல் போன மாரடைப்பை நான் எங்கே போய்ப் பார்ப்பது?

எங்கள் தொழிலில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று உலகமே பயந்தது. அதற்கு முந்தைய சில வருடங்கள் ஏராளமான புரோகிராமர்கள், நம் ஊரிலிருந்து போனவர்களும்தான், பழைய கோபால் நிரல்களைத் திறந்து இரண்டு இலக்க வருடங்களைத் தேடித்தேடித் திருத்தினார்கள். ஜனவரி 1 வந்தது, பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உடனே பேச்சு மாறியது: எல்லாம் கம்பெனிகள் காசு பார்க்கக் கிளப்பிய புரளி. இன்றும் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேலையை ஒழுங்காகச் செய்ததற்குக் கிடைத்த பெயர் புரளி.

என் அலுவலக வாழ்க்கையும் இதே கதைதான். இரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்து, காலைக்குள் தூக்கி நிறுத்தியவனுக்கு எல்லாரும் பார்க்கப் பாராட்டு மெயில் வரும். வாரா வாரம் பேக்கப்பைத் திறந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிறவளுக்கு அப்ரைசலில் 'இந்த வருஷம் பெரிசா என்ன செஞ்சீங்க?' என்று கேள்வி வரும். நானே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன், ஒரு ஜூனியரிடம். அக்காவிடம் அப்பா கேட்டதும் அதேதான். வார்த்தைதான் வேறு.

*

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும்.

'த கோஸ்ட் மேப்' தொடங்குவது ஸ்னோவோடு அல்ல. லண்டனின் கழிவை அள்ளிப் பிழைத்தவர்களோடு. இரவில் மலக்குழி இறங்குபவர்கள், ஆற்றுச் சேற்றில் துழாவும் பிள்ளைகள், தோல் பதனிடுபவர்களுக்காக நாய்ப் பீ பொறுக்குபவர்கள். அபாரமான தொடக்கம். ஒரு பெருநகரம் தன் மலத்தின் மேல்தான் நிற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் ஸ்னோ மேடையேறியதும் அவர்கள் இறங்கிவிடுகிறார்கள். முடிவுரையில் ஜான்சன் நம் காலத்துக்குத் தாவி, பெருநகரங்களின் நன்மை, டிஜிட்டல் வரைபடங்கள், வருங்காலக் கொள்ளைநோய், அணு ஆயுத பயங்கரவாதம் என்று போய்விடுகிறார். முதல் பக்கத்தில் குழிக்குள் இறங்கியவன் மேலே ஏறினானா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் எனக்குத் தகழியின் 'தோட்டியின் மகன்' ஞாபகம் வந்தது. எங்கள் ஊர்க்காரரான சுந்தர ராமசாமி மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்த நாவல். கதை ஆலப்புழையில் நடக்கிறது. மலவாளி தூக்கும் இசக்கிமுத்து, அவன் மகன் சுடலைமுத்து, அவன் மகன் மோகன். பெயர்களைப் பார்த்தாலே அந்த வேலைக்கு எந்தப் பக்கத்திலிருந்து ஆள் போயிருக்கிறது என்று தெரியும். தன் மகன் தோட்டியாகக் கூடாது என்பது ஒன்றுதான் சுடலைமுத்துவின் வாழ்க்கை. அதற்காகக் கூட இருப்பவர்களையே காட்டிக்கொடுக்கிறான், சேர்த்த காசை நகரசபைத் தலைவரிடம் கொடுத்து ஏமாறுகிறான். அந்த நாவலில் கொள்ளைநோய் ஒரு புதிராக வருவதில்லை. யார் கண்டுபிடிப்பார் என்று நாம் காத்திருப்பதில்லை. நகரத்தின் நோய் எந்த வாளி வழியாக, எந்தத் தோள் மேல் போகிறது என்று நமக்கு முதல் பக்கத்திலிருந்தே தெரியும்.

ஜான்சன் நோயைக் கண்டுபிடித்தவன் பின்னால் போகிறார். தகழி நோயைச் சுமந்தவனோடு இருக்கிறார். பொதுச் சுகாதாரம் படிக்கிறவர்களின் பட்டியலில் இரண்டாவது புத்தகமும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அக்காவுக்கு ஒரு பிரதி வாங்கிக் கொடுத்தேன்.

*

போன மழைக்காலத்தில் ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு ஆய்வேட்டு வேலை. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. தினமும் காலையில் வீட்டுக் குழாய்களில் குளோரின் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பைக்கை நான் ஓட்டினேன்.

தண்ணி டேங்க் ஆபரேட்டர் காலை ஐந்து மணிக்கே ஏறி பிளீச்சிங் பவுடர் கரைசலைக் கலந்திருந்தார். அக்கா டேங்குக்குப் பக்கத்து வீட்டில் தொடங்கி, குழாய் போய் முடியும் கடைசி வீடு வரை போவாள். சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, மருந்து சொட்டுவிட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பாள். கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுவாள். அடுத்த வீடு. ஒரு பாட்டி, "மக்ளே, தண்ணியில என்னமும் இருக்கா?" என்று பயந்து கேட்டார். "ஒண்ணும் இல்ல பாட்டி, நல்லாருக்கு" என்றாள். பாட்டி எதற்கு இவ்வளவு நேரம் வீணாக்கினாய் என்பது போலப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பதினொரு மணிக்கு முப்பது வீடு முடிந்தது. முப்பதிலும் மஞ்சள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு வீட்டிலாவது நிறம் வராமல் இருக்க வேண்டும், நாங்கள் குழாயைத் தொடர்ந்து போக வேண்டும், எங்கோ ஓர் உடைப்பைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று மனம் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. அதாவது ஒரு முப்பது குடும்பத்துக்குக் கெட்ட தண்ணீர் வந்திருக்க வேண்டும், என் காலைப் பொழுது சுவாரசியமாவதற்கு. புத்தகம் எனக்குள் அந்த வேலையைப் பார்த்திருந்தது.

டீக்கடையில் இதை அக்காவிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"எனக்கும் அப்படித்தான்டே இருந்துது, மொத மாசம். அதுக்காக அந்தப் புக்க குத்தம் சொல்லாத. அத வாசிக்காம இருந்திருந்தா நான் கிளினிக்கத்தான் நடத்திட்டு இருப்பேன். வாசல்ல கூப்பிடதுக்கு ஒரு கதை வேணும்லா? உள்ள வந்த பொறவு அத விட்டுட்டு வேலையப் பாக்கணும்."

நியாயம்தான். ஒரு விமர்சகனாக நான் ஜான்சனிடம் கேட்டது, ஒரு புத்தகம் செய்யக்கூடியதைவிட அதிகமாக இருக்கலாம். ஆனாலும் அவர் அந்தப் போலீஸ்காரர் வீட்டு வாசலில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

அன்று மதியம் சாப்பிடும்போது அம்மாவிடம் ஆச்சியின் வசையைப் பற்றிக் கேட்டேன். அம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். ஆச்சிக்கு ஒரு தம்பி இருந்தானாம். எட்டு வயது. காலையில் விளையாடப் போனவன், மறுநாள் விடியும்போது இல்லை. வாந்திபேதி. வீட்டில் யாரும் அழக்கூட நேரமில்லை, அடுத்த தெருவிலும் விழுந்துகொண்டிருந்தார்கள். ஆச்சி அதை ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். அவள் கையில் இருந்ததிலேயே மிகப் பயங்கரமான சாபத்தைத்தான் எங்கள் மேல் வீசியிருக்கிறாள். நாங்கள் சிரித்திருக்கிறோம். நாங்கள் சிரிக்கும்படி நடுவில் யாரோ டேங்கில் ஏறியிருக்கிறார்கள்.

அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கை கழுவிவிட்டு வந்தவர், இரண்டு வருடத்துக்குப் பிறகு அக்காவைப் பார்த்து நேராகக் கேட்டார்:

"நம்ம வீட்டுத் தண்ணியில அது எவ்வளவு இருக்குன்னு பாத்தியா?"

அக்கா எழுந்து பையிலிருந்து கண்ணாடிக் குழலை எடுக்கப் போனாள்.